நாற்பத்தெட்டாவது தகரம்

சாந்தா மோனிக்கா
5 பிப்ரவரி 1978

அன்புள்ள துலா அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம். மோந்தெர்ரேயில் குளிர் எப்படி, உன் மூட்டுவலி எப்படி? ஆஸ்பத்திரிச் சமையலறையில் பெரிய அண்டாக்களை இன்னமும் நீயேதான் தூக்குகிறாயா? தூக்காதே அக்கா.

இன்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். நீ சிரிப்பாய். நாம் ஓடி விளையாடிய இடத்துக்கு நான் பார்வையாளராகப் போய், வாசலில் உள்ள புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். நகராட்சி ஊழியர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று எவரிஸ்தோவின் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்ததாம். அவர் உள்ளே வரவில்லை. வாசலுக்கு நேரெதிரே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டார். "ஒரே வாசல்தானே. ஒரு மணி நேரம் பாத்துட்டு வா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார்.

மலையில் தோண்டியெடுத்த கல்தெய்வங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. நீ மெழுகால் மூக்கு ஒட்டிவிட்ட மழைக்கடவுளுக்கு மறுபடி மூக்கில்லை. வரம் கிடைத்தவர்கள் நன்றியாகப் படம் வரைந்து மாட்டிய நேர்ச்சைத் தகரங்கள் உள்ள அறையில், அம்மா காவலுக்கு உட்காரும் முக்காலியில் இப்போது கசில்டா அத்தை உட்கார்ந்திருக்கிறார். ஹசிந்தா கன்னியாஸ்திரீகளின் பழைய சமையல்கட்டில் நீலத் தட்டுகளை எண்ணிக்கொண்டே நின்றாள், வெளியே வர மனமில்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் போகலாம் என்று எவரிஸ்தோ அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு இதைத் தபாலில் சேர்ப்பார். நீயும் வழக்கம்போல அவர் அலுவலக முகவரிக்கே எழுது.

உன் கைகளை முத்தமிடும்,
குக்கா


மோந்தெர்ரே
19 பிப்ரவரி 1978

என் குக்காப் பெண்ணே,

நான் சுகம். மூட்டு இன்னும் என் உடம்போடுதான் இருக்கிறது, அதனால் வலிக்கிறது. அண்டாவையும் நான்தான் தூக்குகிறேன். இங்கே இருக்கிற மற்றவர்களெல்லாம் கரண்டி தூக்கினாலே மூச்சு வாங்குகிற மகாராணிகள்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மழைக்கடவுள் மூக்கைப் பற்றி எழுதினாய், மாப்பிள்ளையின் பூட்ஸைப் பற்றி எழுதினாய். உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா? ஹசிந்தாவுக்கு ஆறு வயதாகப் போகிறது, பள்ளியில் சேர்த்தாயிற்றா? கோயிலில் பாடுகிறாயா? கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. புனித வாரத்துக்காவது குழந்தையோடு வந்துவிடு. ரொட்டிப் பாயசம் செய்து வைக்கிறேன்.

தகரங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா துடைப்பாள், நான் எழுத்தைப் படிப்பேன், நீ பின்னாலேயே ஜெபம்போல ஒப்பிப்பாய். கோவேறு கழுதை உதைத்தும் பிழைத்தவன், தொண்டையில் முள் சிக்கியவள், கயிறு அறுந்ததால் தூக்கிலிருந்து தப்பியவன். மொத்தம் நாற்பத்தேழு. ஒவ்வொன்றிலும் மேல் மூலையில் மேகத்துக்கு நடுவே ஐந்து காயங்களின் ஆண்டவர். "ஆண்டவர்கிட்ட கேக்கும்போது மெழுகுவர்த்திடீ. அவர் குடுத்த பிறகுதான் தகரம். குடுக்குறதுக்கு முன்னாடி எவளாவது தகரம் மாட்டுவாளா?" என்று அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பாள்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். ஹசிந்தாவின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு கிள்ளு.

துலா


சாந்தா மோனிக்கா
12 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

புனித வாரத்துக்கு வர முடியாது. எவரிஸ்தோவுக்கு வேலை அதிகம், அவரில்லாமல் நான் பயணம் செய்வது சரியில்லை. அது என் சொந்த அபிப்பிராயமும்தான். ஹசிந்தாவின் பள்ளியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். பாடுவதற்கு இப்போது நேரமில்லை.

நீ எழுதிய தகரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னலோரம் கடைசியாக இருக்கும் நாற்பத்தெட்டாவது. உனக்கு ஞாபகமிருக்கும். மஞ்சள் சுவர் வீடு, பச்சைக் கதவு. பூட்டு வெளிப்பக்கம் தொங்குகிறது. வரைந்தவன் ஒரு சுவரைத் திறந்து உள்ளேயும் காட்டியிருக்கிறான். ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் நிற்கிறார்கள். இருவர் காலிலும் செருப்பில்லை. செருப்புகள் அலமாரி உச்சியில், அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. மேல் மூலையில் ஆண்டவர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, மேகம்கூட இல்லை. கீழே எழுத்தும் இல்லை. எந்தக் காலத்துப் படமோ தெரியவில்லை.

எவரிஸ்தோ உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

குக்கா


மோந்தெர்ரே
26 மார்ச் 1978, உயிர்ப்பு ஞாயிறு

மதிப்பிற்குரிய கசில்டா அத்தைக்கு,

அல்லேலூயா. உங்கள் கால் வீக்கம் குணமாகிவிட்டதா? அருங்காட்சியகத்துக்குத் தனித் தபால் பை வரும் என்பதால் இதை அந்த முகவரிக்கே அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

அத்தை, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் காவல் இருக்கும் அறையில் நாற்பத்தெட்டாவது தகரம் உண்டா? அம்மா போன பிறகு யாராவது கொண்டுவந்து மாட்டினார்களா? அதில் பச்சைக் கதவு இருக்கிறதா?

இல்லையென்றால் அந்தப் படத்தில் இருப்பது என் தங்கை. பச்சைக் கதவை நான் பார்த்திருக்கிறேன், கல்யாணத்தன்று அந்தக் கதவு வழியாகத்தான் அவளை உள்ளே அனுப்பிவிட்டு வந்தேன். அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள். தலைநகர்க்காரன், சர்க்கார் உத்தியோகம், குடிக்க மாட்டான், இதைவிட என்ன வேண்டும் உனக்கு என்று வாயை அடைத்தவள் நான். அந்த வாயை இப்போது என்ன செய்வது?

அவளுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் சமையல் குறிப்புதான். கடைசியில் மட்டும், "அந்த நாற்பத்தெட்டில் இருக்கும் பெண்ணிடம் நான் மறக்கவில்லை என்று சொல்" என்று எழுதினேன். அதைக்கூட எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் துலா


சாந்தா மோனிக்கா
10 ஏப்ரல் 1978

துலா மகளுக்குக் கசில்டா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

என் கால் வீங்கித்தான் இருக்கிறது, உட்காருகிற வேலைக்கு அது போதும்.

நாற்பத்தேழுதான். நாற்பத்தெட்டு இல்லை.

நேற்று அவள் வந்தபோது பக்கத்தில் நிறுத்திக் கேட்டேன். முதலில் கோவேறு கழுதைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "வெளியேதான் பூட்டுறார் அத்தை. காலையில பூட்டிட்டுப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திறப்பார். சாப்பிட்டுட்டு மறுபடி பூட்டுவார். செருப்பை ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்துக் குடுப்பார். அடிக்கறதில்ல அத்தை. அடிச்சாக்கூட யார்கிட்டயாவது காட்டலாம்."

குழந்தை இங்கே வந்தால்கூட ஒவ்வொரு அறைக்குள் போவதற்கும் முன்னால் அம்மா முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிறது.

போலீஸிடம் போகலாம் என்றால் ஊர்த் தலைவரும் அவனும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறவர்கள். முன்வாசலுக்கு எதிரே அவன் பெஞ்சு. ஆனால் மகளே, சமையல்கட்டில் நீலத் தட்டு அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கன்னியாஸ்திரீகள் மாவு வாங்கிய கதவு. ஆலைத் தெருவில் திறக்கும். அலமாரி வைத்து இருபது வருஷமாயிற்று. வெளியூர்க்காரன் அவனுக்கு அது தெரியாது. நேற்றே தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.

கசில்டா


சாந்தா மோனிக்கா
30 ஏப்ரல் 1978

மரியாதைக்குரிய மதினி அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிய ஆவல். இங்கு அனைவரும் நலம், குக்காவைத் தவிர. அவளுக்கு நரம்புத் தளர்ச்சி. ஆகவே அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

தங்கள் சென்ற கடிதத்தில் "நாற்பத்தெட்டில் இருக்கும் பெண்" என்று ஒரு வரி இருந்தது. நான் எதையும் நேரில் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கமுள்ளவன். அருங்காட்சியகத்துக்குச் சென்று எண்ணினேன். நாற்பத்தேழு படங்களே உள்ளன. ஆக, என் மனைவி இல்லாத படத்தை இருப்பதாக எழுதுகிறாள், அல்லது படம் என்ற பெயரில் வேறெதையோ எழுதுகிறாள். நான் வீட்டைப் பூட்டுவது திருடர் பயத்தால். செருப்பை மேலே வைப்பது குழந்தை தெருவுக்கு ஓடாமலிருக்க. இதில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை.

அவளுக்கு ஓய்வு தேவை. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை நிறுத்திவிட்டேன். பூசையையும் வானொலியில் கேட்டுக்கொள்ளலாம் என்று பாதிரியாரிடம் பேசியிருக்கிறேன். தாங்களும் சில காலம் கடிதம் எழுதாமலிருந்தால் அவள் மனம் அமைதியடையும்.

தங்கள் பணிவுள்ள,
எவரிஸ்தோ


மோந்தெர்ரே
7 மே 1978

கசில்டா அத்தைக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். என் நாக்கு கெடுத்துவிட்டது. அந்த ஒரு வரியால் அவளுக்கிருந்த ஒரு மணி நேரமும் போயிற்று.

அழுது முடித்துவிட்டேன். இப்போது வேலை. விளம்பரப் பலகை எழுதுகிற உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லி ஒரு தகரம் வரைய வேண்டும். எண்ணெய் டின்னின் பழைய மூடியாகப் பாருங்கள், துரு இருந்தால் நல்லது. குக்காவின் கடிதத்திலிருந்து அந்த இடத்தை எழுத்துக்கு எழுத்து பிரதி எடுத்துத் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். மூலையை வெறுமையாகவே விடச் சொல்லுங்கள். காய்ந்ததும் காப்பித் தூளால் தேய்த்து, அடுப்புப் புகையில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிறகு மற்றவற்றுக்கு இருப்பதுபோல ஓர் அட்டை: "48. வருடம் 1871. கொடுத்தவர் தெரியவில்லை."

பொய்த் தகரம் மாட்டுவது பாவமில்லையா என்று நினைப்பீர்கள். எதில் பொய் இருக்கிறது? நடப்பதைத்தான் வரையச் சொல்கிறேன். ஆண்டவர் செய்ய வேண்டியது மட்டும் பாக்கி.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளைக்கு எழுதுவேன். அதற்குள் மாட்டிவிடுங்கள்.

துலா


மோந்தெர்ரே
21 மே 1978

அருமை மாப்பிள்ளை எவரிஸ்தோவுக்கு,

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பதவி உயர்வும் தரட்டும். உங்கள் கடிதம் கண்டு, என் தங்கை எவ்வளவு பொறுப்பான கைகளில் இருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன். உடம்பு முடியாதவளுக்காகப் பாதிரியாரிடம்கூடப் பேசியிருக்கிறீர்களே.

படிக்காத சமையல்காரி நான், ஏதோ விளையாட்டாக எழுதிவிட்டேன். ஆனால் நாற்பத்தெட்டாவது படம் எப்போதும் இருந்ததுதான் மாப்பிள்ளை. ஆண்டவர் உருவம் இல்லாத படம் என்பதால் உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் கழற்றி, துரு அரிக்காமல் மருந்து போட்டு, மே மாதம் மறுபடி மாட்டுவது வழக்கம். நீங்கள் போன சமயம் சுவரில் இருந்திருக்காது. உங்களைப்போல விஷயம் தெரிந்த உத்தியோகஸ்தர் ஒருதரம் போய் எண்ணிக்கையையும் அட்டையையும் சரிபார்த்தால் அங்கே இருப்பவர்களுக்கும் பயம் இருக்கும்.

என் தங்கைக்கு ஓய்வு கொடுங்கள். உங்கள் மனம்போல நடக்கட்டும்.

துலா


சாந்தா மோனிக்கா
12 ஜூன் 1978

துலா மகளுக்கு,

நான் நலம், என் நெஞ்சு மட்டும் நேற்று நின்று நின்று அடித்தது.

நேற்று வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. முதல் படத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பத்தெட்டில் நின்றான். நான் முக்காலியில் உட்கார்ந்து, குடித்து முடித்த கோப்பையிலிருந்து இல்லாத சோளக்கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் கதவை எவ்வளவு பச்சையாக வரைந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவன் அட்டையை இரண்டு தரம் படித்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன் மகளே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணு. பாத்தீங்களா? அந்தக் காலத்துலயே ஆம்பளைங்க வீட்டைப் பத்திரமாத்தான் வெச்சிருந்திருக்காங்க" என்றான்.

"ஆமாங்க" என்றேன்.

அட்டை லேசாகக் கோணலாக இருந்தது. அதை நேராக்கிவிட்டுப் போனான்.

போகும்போது, வருகிற இருபத்தைந்தாம் தேதி மனைவியை அழைத்து வருவதாகவும் இந்தப் படத்தை அவளுக்கு நன்றாகக் காட்டும்படியும் சொன்னான். நன்றாகவே காட்டுகிறேன் என்றேன்.

பதினொரு மணி. ஆலைத் தெரு. சோளம் ஏற்றுகிற லாரி நிற்கும், நீ அதில் இரு. அலமாரியை நகர்த்த என் இடுப்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. குழந்தைக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. அப்பா கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும் வயது.

கசில்டா


சாந்தா மோனிக்கா
16 ஜூலை 1978

என் குக்காவுக்கு, துலாவுக்கு, என் ஹசிந்தாச் செல்லத்துக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. உறையை அடுப்பில் போட்டேன், ஊர்ப் பெயரைக்கூட என் வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. துலா, உன் பழைய ஆஸ்பத்திரிக்கு அவன் இரண்டு தந்தி அடித்தானாம். அப்படி ஒருத்தி இங்கே வேலையில் இல்லை என்று கன்னியாஸ்திரீகள் பதில் கொடுத்துவிட்டார்கள், ஆண்டவர் அவர்களுக்கு மோட்சம் தரட்டும்.

அன்று உங்களை ஆலைத் தெருவில் லாரி ஏற்றிவிட்ட பிறகு என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது, அவன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்குத்தான் உள்ளே வந்தான். ஒவ்வொரு அறையாகத் தேடினான். கல்தெய்வங்களுக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தான். சமையல்கட்டில் நீலத் தட்டுகள் முன்னால் நின்று மூச்சு வாங்கினான். நான் துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அருங்காட்சியக அதிகாரி வந்து வருகைப் புத்தகத்தைக் காட்டினார். குக்காவின் கையெழுத்து இருக்கிறது, உள்ளே வந்தது உண்மை. "வெளியே போனாங்களான்னு எதிர்ல உக்காந்திருந்த நீங்கதான் சார் சொல்லணும்" என்றார். அவன் திரும்பத் திரும்ப, "வெளிய வரலையே. ஒரே வாசல்தானே" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வந்து அதே பெஞ்சில் உட்காருகிறான். பூட்டுகிற வரைக்கும் வாசலையே பார்க்கிறான். பாலிஷ் போட்டுக்கொள்வதில்லை. எனக்குப் பாவமாக இல்லை. சும்மா சொல்கிறேன்.

ஒரு விஷயம். நாற்பத்தெட்டில் மூலை காலியாகவே இருக்கிறது. வரம் கிடைத்தாயிற்றே, கொழுந்தனாரிடம் சொல்லி ஆண்டவரை வரையச் சொல்லட்டுமா?

கசில்டா


20 ஆகஸ்ட் 1978

அன்புள்ள கசில்டா அத்தைக்கு,

ஊர்ப் பெயரை எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் வீக்கத்துக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். துலாவுக்கு இங்கே ஒரு விடுதியில் சமையல் வேலை. அண்டாக்களைத் தூக்குகிறாள், யார் சொன்னாலும் கேட்பதில்லை. ஹசிந்தா பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை யாரும் படிக்காமல் நானே ஒட்டி அனுப்புகிறேன். அதனாலேயே என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆண்டவரை இப்போது வரைய வேண்டாம் அத்தை. துலா காலையில் வேலைக்குப் போகும்போது கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போகிறாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தெரு தெரிகிறது, பழக்கடை தெரிகிறது. செருப்பு தரையில்தான் இருக்கிறது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானம் ஆனதும் யாரோ வந்து திறப்பார்கள் என்று காது தானாகவே பூட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. திறந்த கதவை யார் வந்து திறப்பது? எனக்கே வெட்கமாக இருக்கிறது. துலாவிடம் சொல்லவில்லை. அவள் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள்.

நான் இன்னும் அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறேன். கிடைக்காத வரத்துக்கு நன்றி சொல்லக் கூடாது. அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

உங்கள் குக்கா


8 அக்டோபர் 1978

அன்புள்ள கசில்டா அத்தைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் உங்கள் காலும் சுகமா?

நேற்று முன்தினம் துலா வேலைக்குப் போயிருந்தாள், ஹசிந்தா பள்ளியில் இருந்தாள். நான் எழுந்து தெருவுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு செருப்புக் கடை. கடைக்காரர் "என்ன மாதிரி வேணும்மா?" என்று கேட்டார். ஏழு வருஷமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. அவர் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் சிவப்பைக் காட்டினேன். திரும்பி வந்தபோது துலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். உள்ளே போய்க் காப்பி போட்டாள் அத்தை.

இப்போது உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். மூலையில் ஆண்டவரை வரையட்டும். பச்சைக் கதவும் பூட்டும் அப்படியே இருக்கட்டும், அது நடந்ததுதான். அலமாரி உச்சியில் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு, அந்தப் பெண்ணின் காலிலும் குழந்தையின் காலிலும் செருப்பு வரைய வேண்டும். இடம் போதவில்லையென்றால் ஆண்டவரைச் சிறியதாக வரையலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். செருப்பு நன்றாகத் தெரிய வேண்டும். சிவப்பு.

உங்கள் கைகளை முத்தமிடும்,
குக்கா